உறை மாறிய தட்டு

ஞாயிறு காலையில் வானொலியைத் திறந்தால் தட்டண்ணனின் குரல் வரும். இசைத்தட்டு போடுகிறவர் என்பதால் நேயர்கள் வைத்த செல்லப்பெயர் அது. லத்தீன் ஜாஸும் பழைய ராக்கும்தான் அவருடைய சரக்கு. எந்த ஆல்பத்தை எதற்காகக் கேட்க வேண்டும், எந்த இடத்தில் காங்கா மேளம் பியானோவோடு மல்லுக்கு நிற்கும், எங்கே கிதார் தேம்பும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். கேட்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

சென்ற மழைக்காலத்தில் அவருக்கு மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு வந்தது. பேச்சுக்கும் கைகாலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. "நீங்க அதிர்ஷ்டசாலி சார்" என்று டாக்டர் அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாக, பிடித்தமான லத்தீன் ஜாஸ் தட்டு ஒன்றைச் சுழலவிட்டார். தகரப் பெட்டிகளை மாடிப்படியில் உருட்டிவிட்டது போல ஒரு சத்தம் வந்தது. ஊசியை மாற்றிப் பார்த்தார். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் செருகினார். அடுத்த அறையில் மனைவி அந்தத் தட்டுக்குச் சுகமாகத் தலையாட்டியபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோளாறு தட்டில் இல்லை, தன் தலைக்குள்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போனதும் அலமாரியைத் திறந்து தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். ஒன்றாவது பாடாதா என்றிருந்தது. எல்லாமே இரைச்சல். தட்டில் விரல்ரேகை பட்டால்கூடச் சண்டைக்கு வருகிற மனுஷன், கிடைத்த உறைக்குள் கிடைத்த தட்டைத் திணித்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நிகழ்ச்சியை மட்டும் விடவில்லை. ஞாபகத்திலிருந்தே பேசினார். தட்டைச் சுழலவிட்டதும் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு, வீட்டு அலமாரியிலிருந்து கொண்டுபோன மென்மையான ஒரு லத்தீன் ஜாஸ் ஆல்பத்தை அறிமுகம் செய்துவிட்டு ஊசியை வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பொறியாளர் கையை ஆட்டினார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து இவரும் கையை ஆட்டினார். தட்டு முடிந்ததும் மைக்கில், "பார்த்தீங்களா, பியானோ எவ்வளவு பதமா வந்து உட்காருது" என்றார்.

வெளியே வந்ததும் ஒலிப்பொறியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணே, பியானோன்னு சொன்னீங்க. ஆனா ராக் தட்டுதானே ஓடுச்சு? கிதார் காதைக் கிழிச்சிடுச்சு."

அவர் சட்டென்று சிரித்துவைத்தார். "சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான், தம்பி."

நிலையத்தில் எல்லோரும் நம்பினார்கள். நேயர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாக மேலாளர் முதுகில் தட்டினார். "வாராவாரம் இப்படி ஒண்ணு வைங்க சார்."

வீட்டில் மனைவி சிரிக்கவில்லை. வானொலியை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"தட்டு விஷயத்துல நீங்க விளையாட மாட்டீங்க. என்ன ஆச்சு, சொல்லுங்க."

"ஒண்ணும் கேக்கலைம்மா. பேச்சு கேக்குது. பாட்டு மட்டும் வெறும் சத்தமா இருக்கு."

"எப்பலேருந்து?"

"ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து."

"இத்தனை நாளும் என் முன்னாடி தாளம் போட்டீங்களே" என்றாள். "என்கிட்டகூடவா நடிக்கணும்?"

"பாட்டும் போயிட்டா நான் யாருன்னு பயமா இருந்துச்சு."

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். மறுநாள் அவளே டாக்டரிடம் கூட்டிப்போனாள். பாட்டைப் பாட்டாகக் கேட்கும் திறன் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு தட்டண்ணன் நடந்ததை மைக்கில் அப்படியே சொன்னார். ஒலிப்பொறியாளரையே ஒரு ஆல்பத்தை எடுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "இப்ப என்ன நடக்குது, நீங்க சொல்லுங்க தம்பி." அவர் திக்கித் திணறிச் சொன்னார். தட்டண்ணன் ஹெட்போனைக் கழற்றாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசிவரை அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருந்தார்.

நிகழ்ச்சி இப்போதும் வருகிறது. நடத்துவது ஒலிப்பொறியாளர். நன்றாகவே பேசுகிறார் என்கிறார்கள். அந்த நேரத்தில் தட்டண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார். அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்திருந்துவிட்டு, மனைவி வானொலியைத் திறப்பாள்.