தாகத்தில் விழுந்த இலைகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனுசன் அம்புறோஸ் சொல்லுவார். அந்த வாயால்தான் 1994ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் எட்டு வயதுப் பிள்ளையை ஏமாற்றினேன். அதுவும் நான் பெற்ற பிள்ளையை.

நான் ஜேர்மனிக்கு வந்து அப்போது ஏழு மாதம். அம்புறோஸ் வந்து ஒன்பது வருஷம். அவர் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது மகள் கிறிஸ்ரினா என் வயிற்றில் இருந்தாள். அவளைப் படத்தில் பார்த்திருக்கிறார், போனில் குரலைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு விசா கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய பிறப்புப் பத்திரம், தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எங்கள் ஊரான பேசாலையை விட்டு ஓடிய ஓட்டத்தில் தொலைந்துபோனது. பங்குச்சாமி எழுதித் தந்த ஞானஸ்நானச் சான்றிதழ் போதுமா போதாதா என்று இங்கே அலுவலகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையைக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில், அம்புறோஸின் தமக்கை பிளோறன்ஸ் மச்சாளிடம் விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரலில் தெர்மினுக்கு, அலுவலகத்தில் குறித்துத் தந்த நாளுக்கு, போனபோது அங்கிருந்த பெண், "ஹேர்ப்ஸ்றில் முடிவு வரும்" என்றாள். வெளியே வந்ததும் அம்புறோஸைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹேர்ப்ஸ்ற் எண்டா எப்ப?"

"இலை கொட்டுற காலம்."

"அது எப்ப கொட்டும்?"

"வாடைக்காத்து திரும்பேக்க."

"இஞ்ச வாடை எப்ப திரும்பும்?"

மனுசன் தலையைச் சொறிந்தார். பேசாலைக் கடலில் எந்தக் காற்று எந்த நாளில் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்தான். ஆனால் இங்கே ஒன்பது வருஷமும் ஹோட்டலின் நிலக்கீழ்ச் சமையலறையில் சட்டி கழுவியிருக்கிறார். இலை கொட்டியதும் தெரியாது, முளைத்ததும் தெரியாது. "கலண்டரில செப்டெம்பர் இருபத்துமூண்டு எண்டு போட்டிருக்கு" என்றார் கடைசியில்.

"மரம் கலண்டர் பாத்தோ கொட்டுது?" என்று கேட்டேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

மகளுக்கும் அதையே சொன்னேன். "இலை விழேக்க நீ வருவாய், பிள்ளை." ஞாயிறு பூசை முடிந்து, நாங்கள் இருந்த கடற்கரை ஊரின் படகுத்துறைக்குப் பக்கத்துப் போன் கூண்டுக்குள் நின்று நான் எடுப்பேன். கொழும்பில் கொமியூனிகேஷன் கடையில் மச்சாளும் அவளும் காத்திருப்பார்கள். சுகம் கேட்கமாட்டாள், சாப்பாடு கேட்கமாட்டாள். எடுத்தவுடனே, "அம்மா, இலை விழுந்திட்டுதோ?"

அதற்குப் பிறகு எனக்கு வேறு என்ன வேலை? கடற்கரையின் ஒரு தொங்கலில் விடுமுறை வீடுகள் துப்புரவாக்குவேன். மறு தொங்கலில் எங்கள் வீடு. அரை மணி நேர நடை. போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்ப்பேன். கிளையை வளைப்பேன், இலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பேன். இவளுக்கு என்ன பிடித்தது என்று சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஓகஸ்ட் இரண்டாம் கிழமை, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைத்தோல் மரங்கள் கொட்டத் தொடங்கின. பீர்க்கெ என்பார்கள். சின்னச் சின்ன மஞ்சள் இலைகள் தார் முழுக்கக் கிடந்தன. நெருப்பு வெயில்தான். ஆனால் எங்கள் மன்னாரில் மரம் இலை கொட்டுவதே வெயிலில்தானே! எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஐயோ, குனிந்து இரண்டு கையாலும் அள்ளினேன். அன்றைக்கு மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்கு முதல்நாள் வேறு. மாதாவே காட்டிவிட்டாள் என்று நினைத்தேன். ஞாயிறுதான், நேரே போன் கூண்டுக்கு ஓடினேன்.

"விழுந்திட்டுது, பிள்ளை! விழுந்திட்டுது!"

அந்தப் பக்கம் அவள் கத்திய கத்து கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

புதன்கிழமை தபால்காரி ஹைக்கெ சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். என் வயதுதான் அவளுக்கும். தினமும் வாசலில் நின்று கடிதம் கேட்டுக் கேட்டே எங்களுக்குள் ஒரு சினேகம். நான் பையிலிருந்த இலைகளை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஹேர்ப்ஸ்ற்! கடிதம் எங்கே?"

அவள் இலையை வாங்கி விரலால் நசுக்கினாள். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. "இது ஹேர்ப்ஸ்ற் இல்லை" என்றாள். "எத்தனை கிழமையாக மழை இல்லை. மரத்துக்குத் தாகம். உயிர் தப்ப இலையைக் கழற்றிவிடுகிறது. நீ இன்னும் காத்திருக்க வேண்டும்."

தாகத்தில் இலை விழுவதை இந்த ஹைக்கெயா எனக்குச் சொல்லித்தர வேண்டும்? தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான்! ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறொன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு பிளோறன்ஸ் மச்சாள்தான் போனில் வந்தார். "என்ன மச்சாள் வேலை பாத்தனீங்கள்? பிள்ளை பெட்டி கட்டிப்போட்டுது. புதுச் சப்பாத்து வேணுமெண்டு நிண்டு வாங்குவிச்சு, அதைப் போட்டுக்கொண்டு பின்னேரமெல்லாம் பெட்டியில குந்தியிருக்கு. ஒழுங்கை முழுக்கச் சொல்லியாச்சு."

பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது.

"அப்ப, அது தாகத்தில விழுந்ததோ, அம்மா?"

"ஓம், பிள்ளை."

"தண்ணி ஊத்துங்கோவன்."

"ஊத்திறன். நீ பெட்டியை அவிழ்த்து உடுப்புகளை எடுத்து வை. சரியோ?"

"ஓம்."

கூண்டை விட்டு வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை. அன்றைக்கே வாயைக் கட்டினேன். இனிமேல் கடிதம் கையில் வந்தால் ஒழியப் பிள்ளையிடம் ஒரு இலை பற்றியும் பேசுவதில்லை.

அவளும் பிறகு இலை பற்றிக் கேட்கவில்லை. "உங்கட கடல் உப்போ, அம்மா?" "கொஞ்ச உப்புத்தான், சாப்பாட்டுக்கே காணாது" என்பேன். "மீன் என்ன நிறம்?" இப்படியே கேட்டாள்.

வாயைக் கட்டினேனே தவிர, கண்ணைக் கட்ட முடியவில்லை. அப்போதுதான் ஹேர்ப்ஸ்றின் உண்மையான அடையாளங்கள் வரத் தொடங்கின. அவை இலையிலிருந்து தொடங்கவே இல்லை! முதலில் கடற்கரை ரோசாப் பற்றைகளில் பழங்கள் சின்னத் தக்காளி போலச் சிவந்தன. பிறகு ஒருநாள் காலை வேலி முழுக்கச் சிலந்தி வலை, அதில் பனித்துளி. இத்தனை சிலந்தியும் கோடையில் எங்கே ஒளிந்திருந்தன? தைலாங்குருவிகள் கம்பியில் வரிசையாக இருந்தன. அடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. காற்றுக் குளிர்ந்துவிட்டது, ஆனால் காலை விட்டுப் பார்த்தால் கடல் இன்னும் சூடு. காலையில் அதிலிருந்து ஆவி பறந்தது. மணலில் கிடந்த கூடைக் கதிரைகளை ட்ராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாத்துக் கூட்டங்கள் கத்திக்கொண்டு தெற்கே போயின. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது வாய் துறுதுறுக்கும். இதை அவளுக்குச் சொல்ல வேண்டுமே, அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருக்கும் என்று நினைப்பேன். சொல்லவில்லை. ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்தேன். வந்த பிறகு காட்டலாம். வந்தால்.

ஒக்ரோபரில் இலையும் விழுந்தது. அம்புறோஸ் காத்திருந்த வாடை வரவே இல்லை. மேற்கிலிருந்து வந்த கச்சான் காற்றுத்தான் மழையோடு சேர்த்து அடித்து விழுத்தியது.

பதினெட்டாம் திகதி ஹைக்கெ மணியடித்துக்கொண்டே வந்தாள். கடிதத்தை அவளே பிரித்து, சைக்கிளில் சாய்ந்தபடி வாசித்தாள். "சம்மதம். உன் மகள் வரலாம்." நான் அவளைக் கட்டிப்பிடித்ததில் சைக்கிள் விழுந்து, ஊராரின் கடிதமெல்லாம் ஈர இலைமேல் சிதறியது.

ஹோட்டலுக்கு ஓடி, படியில் நின்று கத்தினேன். அம்புறோஸ் ஈரக் கையோடு, ஏப்பிரனோடு மேலே வந்தார். கடிதத்தை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு தெருவைப் பார்த்து, "என்னப்பா, இவ்வளவு இலையோ விழுறது?" என்றார். சிரிப்பதா அழுவதா எனக்கு!

போன் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். கொமியூனிகேஷன் கடைக்காரர் ஆள் அனுப்பிப் பிள்ளையைக் கூப்பிட்டார். மூச்சு வாங்க வந்து எடுத்தாள்.

"இலை விழுந்திட்டுது, பிள்ளை" என்றேன்.

உடனே சந்தோசப்படவில்லை. "தாகத்திலயோ?"

"இல்லையடி, செல்லம். கடிதம் கையில கிடக்கு. அப்பாவும் பக்கத்தில நிக்கிறார். போய்ப் பெட்டியைக் கட்டு."

"நான் அவிழ்க்கவே இல்லை, அம்மா."

"அண்டைக்கு ஓம் எண்டு சொன்னியே?"

"நீங்கள் அழுவீங்கள் எண்டு சொன்னனான். அது அப்பிடியே கட்டிலுக்குக் கீழ கிடக்கு. சப்பாத்துத்தான் இப்ப கடிக்குது."

ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்ற அம்புறோஸ் போனை என் கையிலிருந்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் "சுகமோ? படிக்கிறியோ?" என்பதற்குமேல் அவளோடு பேசத் தெரியாத மனுசன்.

"எந்த இடத்தில கடிக்குது, பிள்ளை?" என்று கேட்டார். "பெருவிரலோ, குதியோ?"

"பெருவிரல், அப்பா."

"கழட்டிப்போட்டு, வெறுங்காலைக் கடதாசியில வச்சுச் சுத்திக் கீறி அனுப்பு" என்றார். "நான் இஞ்ச புதுசு வாங்கி வைக்கிறன்."