பிரிக்காத பெட்டி

மும்பையில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வெங்கியின் கடையில் பெட்டிக்குள் துண்டு துண்டாக இருப்பதை ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் விமானங்கள் கிடைக்கும். கிடைக்கும் என்பதுதான் சரி, விற்கும் என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். இப்போது வருவது சம்பளம் வாங்குகிற ஆண்கள். பாதிப் பேருக்குப் பசையே தேவைப்படாத ஜப்பான் ரோபோ வேண்டும். மீதிப் பேருக்குப் பழைய விமானம் வேண்டும், ஆனால் பெட்டியைப் பிரித்திருக்கக் கூடாது. அவர்களும் பிரிக்க மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் நிகில் பெரிய ஆள். செம்பூரில் ஒரு அறை முழுக்கப் பெட்டிகளாக அடுக்கியிருந்தான். வெங்கியிடம் முப்பது வருஷமாகப் பிரிக்காமல் கிடந்த ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு நல்ல விலை பேசியிருந்தான். அந்தப் பணம் வந்தால் ரோபோக்களை வாங்கி நிரப்பலாம். வராவிட்டால் தீபாவளிக்குள் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அந்த விமானத்தை ஒட்டிப் பார்க்க வெங்கிக்கும் இத்தனை வருஷமாகக் கை துறுதுறுத்தது. விற்கிற சரக்கில் கை வைக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருந்தார்.

பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி சாருலதா அதைவிடப் பத்திரமான இடம் கண்டுபிடித்தாள். சரஸ்வதி பூஜையில் புத்தகங்களோடு அடுக்கி, அட்டையின் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் இட்டாள். படத்தில் இருந்த விமானியின் நெற்றிக்கும் ஒன்று வைத்தாள்.

விஜயதசமி காலையில் நிகில் வீட்டுக்கு வந்தான்.

"அங்கிள், என்ன இது? அட்டையில ஊறிடுத்து!"

"ஸ்வாமிகிட்ட வெச்சதுப்பா. விசேஷம்தானே?" என்றாள் சாருலதா.

"கலெக்‌ஷன்ல இது நஹி சலேகா, மாமி. செல்லாது." சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

வெங்கி அட்டையைத் துணியால் துடைத்துப் பார்த்தார்.

"ஏன்னா, பூஜைல வெச்சதை இன்னிக்கு எடுத்துப் பிரிச்சே ஆகணும்," என்றாள் அவள். "இனிமே யாருக்காகப் பொத்திப் பொத்தி வெக்கப்போறேள்?"

பிரித்தார். உள்ளே இரண்டுமே இடது இறக்கை. முப்பது வருஷத்துக்கு முன் ஃபேக்டரியில் எவனோ தூக்கக் கலக்கத்தில் போட்டிருக்கிறான். வெங்கி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்புறம் பசையை எடுத்தார்.

ஒட்டி முடித்தபோது ஒரு இறக்கை முன்னே பார்த்தது, மற்றது பின்னே பார்த்தது. பறக்கவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். எந்த வியாபாரத்திலும் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. கடையின் கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

நிகில் கடைக்கு வந்தவன் அதைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"ஃபேக்டரி எரர்! உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கும். பிரிக்காம மட்டும் வெச்சிருந்தேள்னா..."

"பிரிக்காம இருந்தா எப்படிப்பா தெரியும்?"

நிகில் பர்ஸை எடுத்தான். பழைய விலையையே தருகிறேன் என்றான்.

வெங்கி காலி அலமாரிகளைப் பார்த்தார். ஷட்டரைப் பார்த்தார். சரி என்று தலையாட்டி, அட்டைப்பெட்டியையும் டேப்பையும் எடுத்தார்.

"நன்னா இறுக்கி ஒட்டிடுங்கோ, அங்கிள். நான் பிரிக்கவே மாட்டேன்."

வெங்கி விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

"டேப் தீந்துடுத்து, நிகில்," என்றார், கையில் இருந்த புது டேப்பை மேஜைமேல் வைத்துவிட்டு.