ஆளில்லாத கூடாரத்தில் சீட்டாட்டம்

அந்த வருடம் எங்கள் வேட்டை முகாமிலிருந்து ஒரு கரண்டிகூடத் திருட்டுப் போகவில்லை. அந்தப் பெருமை முழுக்க என்னுடையது. என் தங்கை வெர்லாவின் கணவன் தேய்ன் செத்துப்போனதும் அதே ஏற்பாட்டினால்தான். அதில் என் பங்கு எவ்வளவு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

முந்தைய அக்டோபரில் எங்களைத் துடைத்து எடுத்திருந்தார்கள். காலையில் எல்க் மான் தேடி மலையேறிவிட்டு, மாலையில் இறங்கி வந்தால், கூடாரம் நின்ற இடத்தில் மஞ்சள் புல்லாக ஒரு சதுரம் மட்டும் இருந்தது. கட்டில், படுக்கைப்பை, இரும்புச் சட்டி எல்லாம் போயிருந்தன. விறகடுப்பைச் சூடு ஆறக்கூட விடாமல் தூக்கியிருக்கிறார்கள். சாம்பல் கொட்டிய இடம் வெதுவெதுப்பாக இருந்தது. தேய்னின் பல்செட் டப்பாவை மட்டும் ஒரு கல்லின்மேல் எடுத்து வைத்திருந்தார்கள்.

"மரியாதை தெரிஞ்ச பசங்க மச்சான்," என்றான் தேய்ன். "திங்கிறதுக்கு ஒண்ணும் விடல, கடிக்கிறதுக்குப் பல்ல விட்டுட்டுப் போயிருக்கானுங்க."

அவனுக்கு எதற்கும் சிரிப்பு. எனக்கு வரவில்லை. சால்மன் ஊரில் என் அப்பா வைத்திருந்த பழைய சாமான் கடையில்தான் நான் வளர்ந்தேன். துப்பாக்கி, சேணம், கூடாரம் எல்லாம் எங்கள் மேசைக்கு வந்து போகும். அதில் பாதி எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்கும் தெரியும், கொண்டுவந்தவனுக்கும் தெரியும்; இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்வோம். பத்து வயதுக்குள் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். திருட்டு முழி முழிக்கிறவன் பெரும்பாலும் சொந்தச் சாமானைத்தான் விற்க வந்திருப்பான். நேர்மை வழியும் முகத்தோடு வருகிறவனிடம்தான் ரசீது கேட்க வேண்டும்.

திருடனுக்குப் பூட்டைப் பற்றிப் பயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். பெட்டிக்குப் பூட்டுப் போட்டால், உள்ளே விலையுள்ளது இருக்கிறது என்று நாமே எழுதி ஒட்டியதுபோலத்தான். அவனுக்குப் பயம் ஆள்மேல். அதனால் இந்த வருடம் முகாமில் எப்போதும் ஆள் இருப்பதாகக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். கூடார வாசலில் பதினாலாம் அளவு பூட்ஸ் ஒரு ஜோடி. எங்கள் இருவர் காலும் அதற்குள் ஒன்றாகவே நுழையும். பக்கத்தில் ஒரு நாய்ச்சங்கிலி, கடித்த எலும்பு, தண்ணீர்க் கிண்ணம். நாய் கிடையாது. இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். என் சொந்தச் சரக்கு, கேசட்.

வெர்லாவின் சமையலறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சீட்டாடி அதைப் பதிவு செய்தோம்.

"மச்சான், சீட்ட மடியில ஒளிச்சு வெச்சிருக்க. டேப்புலயாச்சும் யோக்கியனா இரு."

"மாப்ளே, திருடன் ஓடணும்னா நீ பேசாத, கொறட்ட விடு. கரடின்னு நெனச்சு மாகாணத்தையே விட்டுப் போயிருவான்."

"சட்டியையும் அடுப்பையும் காப்பாத்த அம்பது வயசுல நாடகம் போடுதுங்க ரெண்டும்," என்றாள் வெர்லா, அடுப்படியிலிருந்து.

அவள் பேசிய இடத்தை அழித்தோம். மலையில் பெண்குரல் கேட்டால் திருடன் ஓடமாட்டான். காபி கேட்டு உள்ளே வருவான்.

தேய்ன் லாரி மெக்கானிக். கோழிப்பண்ணையில் விளக்கை நேரத்துக்கு ஏற்றி அணைக்கும் கடிகாரத்தை ஒரு கார் பேட்டரியோடு இணைத்துக் கொடுத்தான். மாலை ஐந்தரைக்குக் கூடாரத்தில் விளக்கு எரியும், டேப் ஓடும், ஒன்பதுக்கு அணையும். விடிகாலை ஐந்திலிருந்து ஏழு வரை மறுபடியும். ஒரு பக்கம் முடிந்தால் தானே திரும்பி மறுபக்கம் ஓடும் டேப். வெளியே கிளம்பும்போது விசையைத் தட்டிவிட்டுப் போவோம், வந்ததும் அணைப்போம். ஓடைக்கரையில் நின்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் உள்ளே சண்டை போட்டுக்கொண்டு சீட்டாடுவதாக நானே சத்தியம் செய்திருப்பேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஆர்லோவின் முகாம். எழுபதைத் தாண்டியவர், முப்பது வருடமாக அதே பைன் மரத்தடியில் கூடாரம் போடுகிறவர். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு முகாமும் எதிர் முகாமின் விளக்கைப் பார்க்கும். இருட்டியும் எரியவில்லையென்றால், கேள்வி கேட்காமல் தேடக் கிளம்பிவிடுவார்கள். மூன்று வெடி அடுத்தடுத்துக் கேட்டால் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் மூன்று குண்டு போட்டும் மானைத் தவறவிடுகிறவர்கள் நிறைய உண்டு. அதனால் வெடி கேட்டாலும் முதலில் எட்டிப் பார்ப்பது விளக்கைத்தான்.

"இந்தக் கோழிவெளக்கு சமாச்சாரத்த ஆர்லோகிட்ட சொல்லிடு மச்சான்," என்றான் தேய்ன், முதல் நாளே. "அந்தாளு நம்ம வெளிச்சத்தப் பாத்துட்டுத்தான் தூங்கவே போறாரு."

"சொல்றேன்."

ஓடையைத் தாண்டிப் போனேன். ஆர்லோ காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் அடுப்பின்மேல் ஓர் இரும்புச் சட்டி இருந்தது. போன வருடம் பறிபோன எங்கள் சட்டியின் அச்சு. உலகத்தில் இரும்புச் சட்டிகள் எல்லாமே கறுப்பு, எல்லாமே உருண்டை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நேர்மையான முகத்தை எங்கள் கடை மேசைக்கு எதிரே நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காபியைக் குடித்துவிட்டு, பனி வருமா வராதா என்று பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு."

சிரித்தார் என்பதைச் சேர்த்தது கடைப் பழக்கம். பொய்யை வெறுமனே கொடுத்தால் வாங்குகிறவன் புரட்டிப் பார்ப்பான். கொஞ்சம் மெருகு போட்டுக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை எனக்கு ஒரு எல்க் விழுந்தது. பகலில் வெயில் இருந்ததால் இறைச்சியை அன்றே சால்மன் கறிக்கடைக் குளிரறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மத்தியானம் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"ராத்திரி வீட்டுல தங்கிட்டு வெள்ளனே வந்துடுறேன் மாப்ளே."

"என் பொண்டாட்டிகிட்ட சொல்லு, மான் விழுந்தது என் புண்ணியத்துலன்னு. நீ குறி வெக்கிற லட்சணம் அவளுக்குத் தெரியும், நம்பிடுவா."

நான் அவனை உயிரோடு பார்த்தது அதோடு சரி.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குத் திரும்பினேன். இரவில் ஒரு விரற்கடைப் பனி விழுந்திருந்தது. வண்டியை நிறுத்தியதும் கூடாரத்துக்குள்ளிருந்து தேய்ன் சிரிக்கும் சத்தம் கேட்டது. வேட்டைக்குப் போகாமல் சோம்பேறி உள்ளேயே கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்கு வாங்கிவந்த பன் பையை எடுத்தேன்.

"டேப்புலயாச்சும் யோக்கியனா இரு," என்றான் தேய்ன்.

"மாப்ளே, திருடன் ஓடணும்னா நீ பேசாத," என்று என் குரல் உள்ளேயிருந்து பதில் சொன்னது.

அடுப்பு சில்லென்று கிடந்தது. கட்டிலில் படுக்கைப்பை விரித்தது விரித்தபடி. வாசல் பனியில் என் காலடியைத் தவிர வேறு தடமே இல்லை.

நான் போட்ட கூச்சலுக்கு ஆர்லோ பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டாமல் ஓடைத்தண்ணீரில் இறங்கி வந்தார்.

"தேய்ன் எங்க பெரியவரே?"

"என்னக் கேக்குற? நேத்து சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும்தான சீட்டாடிட்டு இருந்தீங்க. ஆறு மணி இருக்கும், மேல மூணு வெடி கேட்டுது. எந்திரிச்சு ஓடைக்கரை வரைக்கும் வந்தேன். வெளிச்சம் இருந்துச்சு. உன் குரல் கேட்டுது, அவன் குரல் கேட்டுது. ரெண்டும் பத்திரமா இருக்குன்னு போய்ப் படுத்துட்டேன்." அதற்குள் டேப் கூடாரத்தில் மறுபடியும் சிரித்தது. ஆர்லோ என்னைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார். "உள்ள யாரு?"

"யாருமில்ல," என்றேன்.

கூடாரத்துக்குப் பின்னால் எரிந்துபோன காட்டுச்சரிவில், அரை மைலில் கிடைத்தான். சாய்ந்து கிடந்த மரம் ஒன்றில் கால் வழுக்கி, தொடை எலும்பு முறிந்திருந்தது. துப்பாக்கி வாரால் கிளையை வைத்துத் தானே கட்டியிருந்தான். கை எட்டிய தூரத்துச் சுள்ளிகளை எல்லாம் எரித்திருந்தான். அதற்கு மேல் நகரவில்லை. மரத்தண்டில் முதுகைச் சாய்த்து, கோட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, ஓடைப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். பேருந்துக்குக் காத்திருக்கிறவன் உட்காருவதுபோல.

மத்தியானம் துணை ஷெரீஃப் நெல்டா வந்தார். பேட்டரியையும் கடிகாரத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"இது உங்க வேலையா?"

"ஆமா. திருட்டுக்குப் பயந்து."

"இந்தப் பெரியவருக்குத் தெரியுமா?"

ஆர்லோ ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தார். நனைந்த கால்களை உலர்த்தக்கூட இல்லை.

"சொல்லணும்னு இருந்தேன். மறந்துட்டேன்," என்றேன்.

கையிலிருந்த பொய்ச் சரக்கில் மலிவானதை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். விபத்து என்று எழுதினார்.

"பொகை வருதான்னு பாத்திருக்கணும்," என்றார் ஆர்லோ, யாரையும் பார்க்காமல். "அந்தக் குளுருல அடுப்பு இல்லாம எவனாச்சும் சீட்டாடுவானா? பாத்திருக்கணும்."

நான் தோளில் தட்டிக் கொடுத்தேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள், துக்க வீட்டுக்கு ஊரார் உருளைக்கிழங்கு சமைத்துக் கொண்டுவந்த தட்டுகளைக் கழுவி, யார் வீட்டுத் தட்டு எது என்று பேர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள் வெர்லா. பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"எலும்பு உடைஞ்சாலும் அவர் சும்மா கிடக்குற ஆளா? மணிக்கட்டு முறிஞ்சுபோய் அறுபது மைல் லாரி ஓட்டிட்டு வந்தவரு. அரை மைல். அதுவும் எறக்கம். ஏன் தவழ்ந்து வரல?"

"வலி தாங்கியிருக்காது."

"கட்டுப் போட்டிருக்காரு. தீ மூட்டியிருக்காரு. மூணு வெடியும் ஒழுங்கா சுட்டிருக்காரு. அப்பறம் அப்படியே உக்காந்திருக்காரு. ஏன்?"

தட்டைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். எந்தச் சாமானுக்கும் ஒரு கதை சொல்ல முடியும் எனக்கு. அடுத்த தட்டை எடுத்தேன்.

"அண்ணே."

"ஆர்லோ வருவாருன்னு உக்காந்திருந்தான்," என்றேன். "வெளக்கு பொய்யின்னு ஆர்லோவுக்குத் தெரியும்னு நெனச்சான். அவர்கிட்ட சொல்லிட்டேன்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன். சொல்லல."

"மறந்துட்டியா?"

"மறக்கல. போன வருசம் நம்ம சாமானத் தூக்குனது அவரோன்னு ஒரு நெனப்பு. சட்டி ஒண்ணு பாத்தேன். திருடன்கிட்டயே தந்திரத்தச் சொல்றதான்னு விட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே போடவில்லை. மெதுவாக அடுக்கின்மேல் வைத்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மனுசன் அடக்கத்துல என் கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல," என்றாள். "தூங்கிட்டேன்மா, தூங்கிட்டேன்மான்னு. நீ பக்கத்துலதான் நின்ன."

"நின்னேன்."

"போய்ச் சொல்லு. என்கிட்ட சொன்னத அப்படியே சொல்லு. சொல்லிட்டு வர்ற வரைக்கும் இந்த வாசல்ல காலெடுத்து வெக்காத."

சாலிஸ் ஊரில் ஆர்லோவின் வீடு. ஒரு மணி நேர ஓட்டம். வழியெல்லாம் அவர் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். திட்டினால் தலை குனிவது. அடித்தால் வாங்கிக்கொள்வது. எப்படியிருந்தாலும் அவர் நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவிட்டுத்தானே வரப்போகிறேன் என்று, சால்மன் ஆற்றுப் பாலம் தாண்டும்போது, கொஞ்சம் நல்லவனாகக்கூட உணர்ந்தேன்.

கொட்டகையில் இருந்தார். கூடாரத் துணியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். இனி தனக்கு வேண்டாமென்று கொடுத்துவிடுவதற்காக, அதன்மேல் ஒரு சீட்டில் வேறு யார் பெயரோ எழுதியிருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சட்டியைச் சொன்னேன், முகத்தைச் சொன்னேன், தேய்னிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார் என்று சேர்த்ததையும் விடவில்லை.

அவர் கோபப்படவில்லை. திருடன் என்று நினைத்தது அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. கயிற்றின் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு, சுருட்டிய துணியின்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப அவன் எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கான்," என்றார்.

நான் இதை ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"இவ்ளோ நாளா, சும்மா யாராச்சும் வரட்டும்னு சுட்டான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி இல்ல. நான் வருவேன்னு. நான் கண்டிப்பா வருவேன்னு." என்னை நிமிர்ந்து பார்த்தார். இல்லையென்று நான் சொல்ல வேண்டும் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "அப்படித்தான தம்பி?"

"ஆமா," என்றேன்.