கண் மூடிய படங்கள்

அந்த சீரியலில் யாரையாவது சாகடிக்கப் போகிறார்கள் என்றால், யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்கிற மாதிரி, முதலில் ஸ்டில் போட்டோகிராபர் வருவார். நேராகப் பார்க்கச் சொல்வார், லேசாகச் சிரிக்கச் சொல்வார். அடுத்த வாரம் அந்தப் படம் ஃப்ரேமுக்குள் புகுந்து, செட்டில் ஹால் சுவரில் ஏறிவிடும். படத்துக்குச் சொந்தக்காரர் வேலையில்லாமல் வீட்டில் இருப்பார்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை அவர் கேமராவோடு வந்து, "நேரா பாத்து லேசா ஒரு சிரிப்பு" என்றதும் பெரியம்மா உஷாரானாள். பெரியம்மா என்பது கதையில் அவள் போடும் மாமியார் வேடத்தின் பெயர். ஆறு வருஷத்தில் அதுவே அவள் பெயராகிவிட்டது. பதினெட்டு வருஷம் நாடக மேடை, பிறகு சினிமாவில் கதாநாயகிக்குத் தோழி, அக்கா, அம்மா என்று படிப்படியாக முற்றி, கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. இதுவும் போனால் கூப்பிட நாதியில்லை.

எதற்கு இந்தப் படம் என்று கேட்டாள். டைட்டில் மாறுகிறதாம், இனி நடுவில் அவள் முகம் மட்டும்தானாம். டைட்டிலில் மாமியார் முகமா! கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். நடிகையிடமே நடிக்கிறான் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

படமே தேறாவிட்டால் எதைச் சுவரில் மாட்டுவார்கள்? ஒவ்வொரு தடவை அவர் விரல் அமுங்கும்போதும் சரியாகக் கண்ணை மூடினாள். கண் கூசுகிறதா என்று கேட்டு, பாவம், அவர் விளக்கைத் தணித்துப் பார்த்தார். ஒட்டு இமைமுடி உறுத்துகிறது என்று சொல்லிவிட்டாள். புதனும் வியாழனும் அதே கூத்துதான்.

அதற்குள் சந்தேகம் எங்கும் முளைத்தது. டைரக்டர் அவளிடம் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். ஆறு வருஷமாக வணக்கம்கூடச் சொல்லாத மருமகள் நடிகை, தானே நாற்காலி இழுத்துப் போட்டாள். வழியனுப்பத்தான் இவ்வளவு மரியாதை என்று பெரியம்மா அதில் உட்காரவேயில்லை. எதற்கெடுத்தாலும் இப்படிச் சந்தேகப்படலாமா என்று கேட்ட மேக்கப்காரம்மாவையும் அன்றோடு சந்தேகப் பட்டியலில் சேர்த்தாள்.

சனிக்கிழமை, கதை எழுதுகிறவர் முகமெல்லாம் பல்லாக மேக்கப் அறைக்குள் வந்தார். கையில் அவளுடைய படங்கள்.

"டைட்டிலுக்கு எடுத்ததுல ஒண்ணுகூட தேறல பெரியம்மா. ஆனா கண்ண மூடினா உங்க முகத்துல என்ன ஒரு அமைதி! இதப் பாத்த பிறகுதான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு. இந்த மாதிரி ஒரு சாவு இதுவரைக்கும் எந்த சீரியல்லயும் வந்ததில்ல."

"நெஜமாவே டைட்டிலுக்குத்தான் எடுத்தாங்களா?"

"பின்ன? கதையே உங்கள சுத்தித்தான் போக வேண்டியது. இப்ப மருமக பக்கம் திருப்பிட்டேன்."

தன்னையே நாலு அறை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. இமை கொட்டாம பாக்குறேன்."

"சேனல்ல சரின்னுட்டாங்களே பெரியம்மா. திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துடுங்க. வசனம் எதுவும் கிடையாது, சும்மா படுத்திருந்தா போதும்."