பல் டாக்டர் நாற்காலியிலிருந்து ஏறிய தண்ணீர்

"வாய்க்குள்ள டாக்டரோட ரெண்டு கை, ஒரு குறடு, அரை மூட்டைப் பஞ்சு. அந்த நிலைமையில நாலு மாடிக்கும் தண்ணி ஏத்தினேன். கட்டைவிரல் ஒண்ணுதான் அசைஞ்சுது. சந்தேகம்னா மேல போய் டேங்கைக் கேளுங்க!"

கன்னம் பூசணிக்காயாக உப்பியிருக்க, மாமனார் இதைச் சொல்லிவிட்டு ஊரையே ஜெயித்துவந்த தோரணையில் சுவரில் சாய்ந்து நின்றார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கட்டடத்துக்குச் சொந்தக்காரியான வீட்டுக்காரம்மா. இன்னொருத்தி மருமகள். அப்போதுதான் சலவைக்கடையிலிருந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் உள்ள சட்டைகளில் பாதி அன்றைக்கு அவள் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் போய் வந்திருந்தது. மீதிப் பாதி நாளைக்கென்று மூட்டையாகக் காத்திருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தால் அப்படியே தூங்கிவிடுவோமோ என்று பயந்து, கழற்றாமலே இருந்தாள்.

மாமனாருக்குத் தெருவில் பெயர் ஆகாசம். எல்லாம் ஆகாசப்புளுகு வாங்கிக் கொடுத்த பட்டம். கொசு கடித்தால் கழுகு கொத்திவிட்டது என்பார். அவர் பேச்சில் மருமகள் நம்புவது ஒன்றே ஒன்று, 'பசிக்குது' என்பது.

"கதை கிடக்கட்டும், ஆகாசம்" என்றாள் வீட்டுக்காரம்மா. "நீ பல்லு பிடுங்கப் போயிட்டே. உன் மருமக கடையில. மோட்டார் ரூம் சாவி அவகிட்ட. அப்புறம் மோட்டாரைப் போட்டது யாரு? பேயா? சாவியை எவன்கிட்டயாவது குடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கே ரூமைக் காலி பண்ணிட வேண்டியதுதான்."

அவர்கள் குடியிருந்த அறை, டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் வேலைக்காகக் கிடைத்தது. வேலை போனால் அறையும் போகும். புருஷன் லாரியோடு போனால் எப்போது வருவான் என்று லாரிக்கே தெரியாது. மூட்டை முடிச்சோடு தெருவில் நிற்கப்போவது அவளும் மாமனாரும்தான்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. புதிதாக சிம் போட்ட பெட்டி ஒன்றை மோட்டாருக்கு மாட்டினார்கள். மாமனார் போனிலிருந்து 'ஸ்டார்ட்' என்று இங்கிலீஷில் மெசேஜ் போனால் மோட்டார் ஓடும். டேங்க் நிறைந்ததும் தானே நிற்கும். வேறு எந்த மகாராஜா அனுப்பினாலும் அசையாது. ஆனால் பெட்டிக்கு ஒரு கிறுக்கு, எல்லாம் சின்ன எழுத்தாக வரவேண்டும். போனுக்கு அதற்கு மேல் ஒரு கிறுக்கு. வாக்கியம் தொடங்குகிறது என்றால் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பெட்டி உடனே 'தவறான கட்டளை' என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் போடும்.

மருமகள் கீபோர்டின் அமைப்புக்குள் போய் அந்தப் பழக்கத்தை நிறுத்திப் பார்த்தாள். அதற்குள் போன் அந்த வார்த்தையைப் பெரிய எழுத்தோடு தன் சொந்த அகராதியில் சேர்த்துவிட்டிருந்தது. சின்ன எழுத்தில் அடித்து இடைவெளி விட்டால் போதும், பழையபடி தலை நிமிர்ந்துகொள்ளும். அகராதியிலிருந்து நீக்கினாள். மாமனார் தடவித் தடவி மறுபடி அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். நாய் வாலை நிமிர்த்துவதும் இதுவும் ஒன்றுதான். கடைசியில், மெசேஜ் தோற்கும்போதெல்லாம் சலவைக்கடையிலிருந்து அவள்தான் ஓடிவந்து, மோட்டார் ரூமைத் திறந்து பொத்தானை அமுக்குவாள். கடை முதலாளி இப்போதெல்லாம் அவளைப் பார்த்தாலே வாசலைக் காட்டுகிறார்.

அன்று மதியம் வீட்டுக்காரம்மா மருமகளைப் போனில் கூப்பிட்டு, "குழாயில வெறும் காத்துதான் வருது" என்று கத்தினாள். ஓடிவர முதலாளி அவளை விடவில்லை. மருமகள் மாமனாருக்குப் போன் போட்டு, "மாமா, டேங்க் காலியாம்" என்றாள். பதிலுக்கு ஒரு 'ங்ங்ங்', பின்னால் ஏதோ குடைகிற சத்தம். அவ்வளவுதான். இனிமேல் எந்தத் தெருவில் அறை தேடுவது என்று யோசித்துக்கொண்டே சட்டை தேய்த்தாள். வந்து பார்த்தால் டேங்க் தளும்புகிறது.

"எப்படி மாமா? அதுதான் பெரிய எழுத்துல போயிடுமே?"

மாமனார் இதற்காகவே காத்திருந்தவர்போல் போனை நீட்டினார். "இங்கிலீஷ்ல முன்னால நிக்கிறவன் தலைப்பா கட்டிக்குவான். நம்ம எழுத்துல பெரியவன் சின்னவன் உண்டா? அதான் நேத்து ராத்திரியே அகராதியில புதுசா ஒண்ணு சேர்த்தேன். குறுக்குவழி 'த'. அதுக்கு நேரா கட்டளை, எல்லாம் சின்ன எழுத்துல. தமிழ் கீபோர்டுல 'த'வைத் தட்டினா மேல வந்து நிக்கும். அதைத் தொட்டா விழுந்துடும். 'த'வைத் தலைகீழா நின்னாலும் அந்தப் போனால பெரிசாக்க முடியாது!"

தட்டிக் காட்டினார். வரி முழுக்கச் சின்ன எழுத்தாக வந்து விழுந்தது, அடக்க ஒடுக்கமாக.

"இதை இப்ப வந்து உக்காந்து சேர்த்திருப்பே. வாய்க்குள்ள குறடாம்!" என்று வீட்டுக்காரம்மா முகத்தைச் சுளித்தாள். "இவர் விடிஞ்சுடுச்சுன்னு சொன்னாக்கூட நான் வாசலுக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் நம்புவேன். நீ சொல்லும்மா. இவரை ஒருநாளும் நம்பாதவ நீதான். நீ சொன்னா சரி."

மருமகளுக்கு நாக்கு நுனியில் ஒரு சுலபமான பொய் இருந்தது. 'நான்தான் வந்து போட்டேன்' என்றால் அறை மிஞ்சும், இப்போதே போய்ப் படுக்கலாம். ஆனால் நாளைக்கும் அவள்தான் ஓடிவர வேண்டும். நாளை மறுநாளும். முழங்கால் வேண்டாம் வேண்டாம் என்றது. வாயைத் திறந்தபோது அவள் போன் அடித்தது.

"பல் ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். பெரியவரோட மருமகளா?" நர்சின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "அடுத்த தடவை அவர் போனை வாங்கி வெச்சுக்கிட்டு அனுப்புங்கம்மா! வாயைத் தொறங்கன்னா போனைத் தொறக்கிறாரு. பாதிப் பல்லு வெளிய வந்து நிக்குது, இவரு விரலாட்டி மெசேஜ் போடறாரு. போன்லேர்ந்து கையை எடுங்கன்னு டாக்டர் சொன்னா, 'தண்ணி, தண்ணி'ன்னு ஜாடை. குடிக்கக் கேக்கறாருன்னு நான் டம்ளரோட ஓடிவந்தா, அவர் முழங்கை பட்டு ட்ரே மொத்தமும் கீழ! நான்தான் பொறுக்கினேன்."

மருமகள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை மடியில் வைத்தாள். மாமனார் உப்பிய கன்னத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை ஒத்துக்கொண்டால் இந்த ஜென்மம் முழுக்க இந்தக் கதையைக் கேட்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போகப்போக நாலு மாடி நாற்பதாகும், ஒரு டாக்டர் ஒன்பது டாக்டராவார்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "மாமா சொன்னது நிஜம். நாற்காலியில இருந்துதான் போட்டிருக்காரு."