கேப்டன் வாய் திறந்தபோது

மழையில் ஓடுபாதையைத் தாண்டிச் சறுக்கிய விமானத்தில் இரண்டு பயணிகள் இறந்துபோனார்கள். துணை விமானிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. விமானியறையில் நடந்ததைச் சொல்ல மிஞ்சியவர் கேப்டன் ஒருவர்தான்.

மருத்துவமனையின் சின்ன அறையில், கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். பாதுகாப்பு விசாரணை அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் நகர்த்தினார்.

"பயப்படாம சொல்லுங்க கேப்டன். யார் மேல தப்புன்னு தேட வரல. இன்னொரு விமானம் இப்படி ஆகக்கூடாது, அதுக்குத்தான்."

சுவரோரம் இன்னொருவர். சாதாரண சட்டை, காலில் மட்டும் போலீஸ் பூட்ஸ்.

"அவர் யாரு?"

"சும்மா, கூட இருக்கார்," என்றார் அதிகாரி, முகம் பார்க்காமல்.

கேப்டன் கதவைப் பார்த்தார். வக்கீலான தங்கையை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் வரும்வரை வாயே திறக்காதே என்று அவள் காலையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள்.

"என் தங்கச்சி உள்ள வரணும். இவர் வெளிய போகணும். அது என் உரிமை."

"உரிமையா?" பூட்ஸ்காரர் சிரித்தார். "செத்தவங்க வீட்டுல போய்ச் சொல்லுங்களேன்."

அது நெஞ்சில் தைத்தது. ஆனாலும் கேப்டன் ஒலிப்பதிவுக் கருவியைத் தள்ளிவைத்தார். வெளியே தங்கை போட்ட சத்தத்தில் மேலிடத்துக்குப் போன் போயிற்று. பூட்ஸ்காரர் முணுமுணுத்தபடி எழுந்து போனார். தங்கை மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தாள்.

"இங்க சொல்றது கோர்ட்டுக்குப் போகாதுன்னு உறுதி தருவீங்களா சார்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்களா குடுக்க மாட்டோம்மா. நீதிபதி கேட்டா... என் கையில இல்ல."

"அப்ப சொல்லாதே அண்ணா. உன்னையே பிடிச்சு உள்ள தள்ளிடுவாங்க."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு விமானம் தாழப் பறந்து தரையிறங்கப் போயிற்று. அதே ரகம், அதே பிரேக்.

"பிரேக் விளக்கு எரிஞ்சுது," என்றார் கேப்டன். "ஒரு வாரமாவே எரியுது. பொய் எச்சரிக்கை, கண்டுக்காதீங்கன்னு கம்பெனில சொன்னாங்க. நானும் கண்டுக்கல. மழையைப் பார்த்துட்டு, தரையிறங்காம திரும்ப மேல ஏறியிருக்கலாம். ஏறல."

"போதும்ணா!"

அவர் நிறுத்தவில்லை.

அந்த ரக விமானங்களையெல்லாம் மறுநாளே பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். பலவற்றில் அதே பிரேக் கோளாறு இருந்தது. ஒலிப்பதிவை நீதிமன்றம் கேட்டு வாங்கியது; கேப்டனைக் கைது செய்தார்கள்.

"பாதுகாப்புக்காகச் சொன்னதையே வச்சு தண்டிச்சா, இனிமே எந்த விமானி வாய் திறப்பார்?" என்று தங்கை தொண்டை கிழிய வாதாடினாள். ஜாமீன் கிடைக்கவில்லை.

போலீஸ் வேனில் ஏற்றும்போது அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்ணா சொன்னே? ஏன் சொன்னே?"

அவர் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்து, வேனுக்குள் ஏறினார்.