இடமிருந்து வலம்

'மணிமுத்தாறு முரசு' நாளிதழுக்கு நிலவன் இருபத்திரண்டு வருஷமாக விருத்தாசலம் நிருபர். இத்தனை வருஷத்தில் அவன் பெயர் ஒருமுறைகூட அதில் வந்ததில்லை. என்ன எழுதினாலும் தலைப்புக்குக் கீழே 'நமது நிருபர்' என்றுதான் இருக்கும். அந்த நமது நிருபர்தான் செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிலையத்து டீக்கடையில் பேப்பரைப் பிரித்துவிட்டு டீயை ஆறவிட்டான்.

ஆறாம் பக்கத்தில் வண்ணப்படம். பீங்கான் பட்டறை வாசலில் மூன்று பெண்கள். மயில்மேல் சாய்ந்து தூங்கும் குழந்தைப் பொம்மையை ஏந்தி வலது ஓரத்தில் நிற்பவள் வீரம்மாள். அதைச் செய்து மாவட்டப் பரிசு வாங்கியவள். படத்துக்குக் கீழே, 'இடமிருந்து வலம்: வீரம்மாள், சொர்ணாம்பாள், பரிசு பெற்ற பொம்மையுடன் துர்கா.' துர்கா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

பெயர்களை உள்ளங்கையில் வரிசையாக எழுதிக்கொண்ட பிறகு, முகத்தில் நிழல் விழுகிறதென்று அவர்களை மாற்றி நிறுத்தியவன் அவன்தான். ஆட்கள் இடம் மாறினார்கள், உள்ளங்கை மாறவில்லை. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று புதிய நிருபர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பாடம் எடுப்பவன், முதல் கேள்வியிலேயே பெயில்.

ஆசிரியர் குழுவில் இருக்கும் கனிமொழிக்குப் போன் செய்தான்.

"அண்ணே, பேரு மாறினதுக்கெல்லாம் திருத்தம் போட்டா, தினமும் ஒரு பக்கம் திருத்தமே வரும். அதுல பாதி உங்களுதா இருக்கும்" என்றாள் அவள்.

அன்று முழுக்கப் பட்டறைப் பக்கமே போகாமல் ஒளிந்தான். புதன்கிழமை மதியம் மனசு கேட்கவில்லை.

பட்டறைக்குள் வெளிச்சம் மாவு போல மிதந்தது. கண் வைக்காத பொம்மைகள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாம் இன்னும் பிறக்காத ஊரொன்றின் ஜனங்களைப் போல, யாரோ வந்து கூப்பிடட்டும் என்று காத்திருந்தன. நடுவில் வீரம்மாள் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றுக்கும் கண் திறந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் துர்கா, சாயங்கால லாரிக்காகச் சுட்டு முடிந்த பொம்மைகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். முரசின் விற்காத பிரதிகள் இங்கேதான் வந்து சேரும். இன்றைக்கு வந்த செவ்வாய்க்கிழமைப் பேப்பர்க் கட்டில், ஆறாம் பக்கம் மேலே கிடந்தது.

"வாங்க தம்பி" என்றாள் வீரம்மாள், தலை நிமிராமல். "திருப்பூர்லேருந்து எம் மவ போன் பண்ணா. 'ஏம்மா, பேரை மாத்திக்கிட்டியா'ன்னு கேக்கறா."

"தப்பு என்னுதுதான் அக்கா. திருத்தம் போடமாட்டேங்கறாங்க."

"எனக்கு வேற சங்கடம்" என்றாள் துர்கா. "எங்க தெருவுல ரெண்டு பேரு பொம்மைக்கு ஆர்டர் குடுத்துட்டாங்க."

வீரம்மாள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு அடங்கி, கையிலிருந்த பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள். "சூளைக்குப் போறதுக்கு முன்ன கண்ணு கோணினா துடைச்சுடலாம். சுட்ட பொறவு முடியாது. பேப்பரும் அப்பிடித்தானா தம்பி? ஒரே ஒருவாட்டி வந்தேன், அதுவும் இன்னொருத்தி பேருல."

நிலவன் கீழே உட்கார்ந்து கட்டைத் தன் பக்கம் இழுத்தான். "அந்த பிரஷ்ஷ குடுங்க அக்கா."

முதல் பிரதியில் துர்காவை அடித்து வீரம்மாள் என்றும், வீரம்மாளை அடித்து துர்கா என்றும் எழுதினான். அடுத்து இன்னொன்று. மையின் ஈரம் காய்வதற்குள் துர்கா அவற்றை விசிறி, பொம்மைகளைச் சுற்றினாள். விசிறலில் வெண்தூசு எழுந்தது. மதுரையில், சேலத்தில், பெயர் தெரியாத ஏதோ வீட்டில் யாரோ காகிதத்தைப் பிரிப்பதையும், பொம்மை கண் விழிப்பதற்கு முன்னால் வீரம்மாள் பெயர் விழித்துக்கொள்வதையும் அவன் கண்டான். நாளிதழ் போகாத ஊருக்கெல்லாம் திருத்தம் மட்டும் லாரியில் போகிறது.

"இதுல உங்க பேரு எங்க?" என்றாள் வீரம்மாள்.

"எனக்குப் பேரு கிடையாது அக்கா. நமது நிருபர்."

"அப்ப தப்பு பண்ணது யாருன்னே தெரியாதா? நல்ல வேலையா இருக்குதே. அதையும் எழுதுங்க."

அவன் பிரஷ்ஷை மறுபடி மையில் தோய்த்தான். பிறகு படத்தின் ஓரத்தில், 'பெயரை மாற்றிப் போட்டவன்: நிலவன்' என்று எழுதினான்.

வீரம்மாள் அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கையெழுத்து கோணலா இருக்குது. பரவால்ல, மிச்சத்தையும் முடிங்க. லாரி அஞ்சு மணிக்கு."